பூங்கா நடத்திய பாடம்

ஊட்டி தாவரவியல் பூங்காவைப் பொதுமக்களுக்கான பள்ளிக்கூடம் என்று சொல்லலாம். யார் வாத்தியார், என்ன பாடம் என்று கேட்டால்தான் சிக்கல்.

1840களில் உதகையில் குடியிருந்த வெள்ளைக்காரர்கள் மாதச் சந்தா போட்டுக் காய்கறித் தோட்டம் ஒன்று நடத்திப் பார்த்தார்கள். சரிப்பட்டு வரவில்லை. சென்னை ஆளுநர் ட்வீடேல் பிரபு பொதுத் தோட்டம் ஒன்றை அமைக்க முனைந்தார். லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் 1848இல் வந்துசேர்ந்தார். தொட்டபெட்டாவின் சரிவில் மேலே காடு, கீழே சதுப்பு. பத்தாண்டு உழைப்பில் அது பூங்காவானது. ‘மெக்ஐவர் உருவாக்கினார்’ என்று ஒருமையில் எழுதிவிடுகிறோம். மண் சுமந்தவர்களுக்கு அந்த வாக்கியத்தில் இடமில்லை.

பூங்கா உலாவுவதற்கு மட்டுமல்ல. எந்த வெளிநாட்டுச் செடி இந்தக் குளிரில் பிழைக்கும், எது காசாகும் என்று சோதித்துப் பார்க்கிற இடமும் அதுதான். 1860இல் ஆண்டிஸ் மலையிலிருந்து மார்க்கம் கொண்டுவந்த சின்கோனாவை வளர்த்தெடுக்கும் பொறுப்பு மெக்ஐவரிடமே வந்தது. நடுவட்டம் தோட்டத்தில் கைதிகளை வேலை வாங்கினார்கள். மலேரியாவுக்கு மருந்து கிடைத்தது, அதை மறுக்க வேண்டியதில்லை. கூடவே ஒரு பார்வையும் நிலைபெற்றது: இந்த மலை வெறுமனே கிடக்கிறது, வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டால்தான் உருப்படும். சோலைகளுக்கு நடுவே விரிந்த புல்வெளி இந்தப் பார்வையில் ‘தரிசு’. அதில்தான் யூகலிப்டசும் சீகையும் ஏறின. அந்நியக் களைத் தாவரங்களை அகற்ற 2022இல் தமிழக அரசே கொள்கை வகுக்க வேண்டியதாயிற்று. வேரோடு பிடுங்க வேண்டிய பட்டியலில் சீகையும் இருக்கிறது.

அந்தப் ‘தரிசு’தான் தோடர்களின் எருமைகளுக்கு மேய்ச்சல் நிலம். அவர்களுடைய கோயில் கூரைக்கான புல் சதுப்பில்தான் வளர்கிறது. இப்போது அதைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. எந்தப் புல் எங்கே, எப்போது என்று தெரிந்தவர்கள் அவர்கள். பூங்காவின் மேல்கோடியிலேயே அவர்களுடைய மந்து ஒன்று இருக்கிறது. பூப் பார்க்க வருகிறவர்கள் அப்படியே ஏறிப்போய் அவர்களையும் ‘பார்த்துவிட்டு’ இறங்குகிறார்கள். வாத்தியாராக இருக்க வேண்டியவர்கள் காட்சிப்பொருளாகிப் போனார்கள்.

பூங்காவை இழுத்து மூடு என்பதல்ல நம் வாதம். பள்ளிக்கூடம் இருக்கட்டும், பாடத்தை மாற்றுவோம். கண்ணாடி வீட்டுச் செடிக்குக் கிடைக்கிற மரியாதை சதுப்புப் புல்லுக்கும் கிடைக்கட்டும். அதன் தோடர் பெயரைப் பலகையில் எழுதட்டும். விளக்கிச் சொல்ல மந்திலிருந்தே ஒருவர் வரட்டும், சம்பளத்தோடு.

மே மாத மலர்க்காட்சிக்குச் செலவாகும் பணத்தில் இதற்கு எவ்வளவு ஒதுக்குவார்கள் என்பதுதான் கேள்வி.