விட்டவாசல் முனியும் வெள்ளைக்காரக் கலெக்டரும்

மதுரையில் டவுன் பஸ் ஏறினால் "தெற்குவாசல்லாம் இறங்கு" என்று கண்டக்டர் சத்தம் போடுவார். கீழவாசல், மேலவாசல் என்று நாமும் தினம் சொல்கிறோம். இறங்கிப் பார்த்தால் வாசலும் இருக்காது, கதவும் இருக்காது. நிஜமாகவே ஒரு வாசல் நிற்பது அம்மன் சந்நிதியிலிருந்து நேர் கிழக்கே, விளக்குத்தூணுக்குப் போகிற வழியில். விட்டவாசல் என்று பெயர். பாண்டியர் கோட்டையின் கிழக்கு வாசல் அது. சுற்றிலும் கடைகள் நெருக்குவதால் கவனிக்காமலே கடந்துபோகிறவர்கள் அதிகம்.

அங்கே முனீஸ்வரர் குடியிருக்கிறார். எங்கள் அப்பத்தா அந்த வழியாக எத்தனை அவசரமாகப் போனாலும் நின்று ஒரு கும்பிடு போடாமல் நகரமாட்டாள். "கலெக்டர் துரை ஊர்க் கோட்டையெல்லாம் இடிச்சான். இங்க வந்து கடப்பாரையை ஓங்கவும் முனி விடலை. துரையே பயந்து விட்டுட்டான். அதான் விட்டவாசல்" என்பாள்.

கோட்டையை இடித்த கலெக்டர் கதையல்ல, நிஜம். பிளாக்பர்ன் துரை. 1834 முதல் 1847 வரை இங்கே கலெக்டர். ஊர் நெருக்கடியில் திணறியது, அகழித் தண்ணீர் நாறியது. சுவரை இடித்து அகழியைத் தூர்க்கிறவர்களுக்கு அந்த நிலத்தையே கொடுத்துவிடுவது என்று ஏற்பாடு செய்தார். கோட்டைச் சுவரில் காவல் தெய்வங்கள் இருக்கின்றன என்று ஜனங்கள் முதலில் தயங்கினார்களாம். பிறகு வேலை நடந்தது. மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி, வெளி வீதி எல்லாம் அப்படி வந்தவை. வேலையை முன்னின்று நடத்திய இருவர் பெயர்தான் மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும்.

ஆனால் ஒரு கணக்கு இடிக்கிறது. துரை இடித்தது மாசி வீதிகளுக்கு வெளியே இருந்த நாயக்கர் கோட்டையை. விட்டவாசலோ அதற்கு வெகு உள்ளே இருக்கிறது. அந்தப் பழைய பாண்டியக் கோட்டையை இடித்தவர் 16-ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர். இடித்துவிட்டு இன்னும் பெரிதாக, இரட்டைச் சுவரோடு 72 கொத்தளம் வைத்துப் புதுக்கோட்டை கட்டினார். கொத்தளத்துக்கு ஒரு பாளையக்காரர் காவல். அப்படியானால் இந்த வாசல் தப்பியது துரை வருவதற்குச் சுமார் 300 வருஷம் முன்பே. முனி யாரையாவது மிரட்டியிருந்தால் நாயக்கரின் ஆட்களைத்தான் மிரட்டியிருக்க வேண்டும். துரைக்கு இதில் பங்கில்லை என்பதே என் கட்சி.

இதைவிடப் பெரிய வாசல் கதை திருவிளையாடற் புராணத்தில் இருக்கிறது. வெள்ளத்தில் எல்லை அழிந்துபோன பிறகு, வங்கியசேகர பாண்டியன் ஊரின் எல்லையைக் காட்டும்படி வேண்டினான். சிவன் தன் கையில் இருந்த பாம்பை அனுப்ப, அது வாலை வாயில் கவ்வி ஊரை வளைத்துக் காட்டியது. அதனால்தான் ஆலவாய் என்ற பெயர். அந்த மதிலுக்குத் தெற்கு வாசல் திருப்பரங்குன்றம், வடக்கே அழகர்மலை, மேற்கே திருவேடகம், கிழக்கே திருப்பூவணம்! திருப்பூவணத்துக்கு இன்று பஸ்ஸில் போகவே முக்கால் மணி ஆகும். புலவருக்கு ஊர்ப்பாசம் அவ்வளவு.

பிளாக்பர்னுக்கு நன்றியாக ஊரார் வைத்தது விளக்குத்தூண். விட்டவாசலிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் அதையும் பார்க்கலாம். மேற்கே பெரியார் நிலையத்துப் பக்கம் நாயக்கர் கோட்டையில் ஒரு துண்டும் மிச்சமிருக்கிறது. பேரப்பிள்ளைகளைக் கூட்டிப் போவதானால் கிழக்கே ஆரம்பியுங்கள், வெயில் ஏறுமுன்.