எரிமலைக் கல்லில் எழுந்த ஆலயங்கள்

பிரான்ஸ் நாடு என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருபவை பாரிஸ் மாநகரின் நோத்ர் தாம் பேராலயமும், அன்னை மரியா காட்சி தந்த லூர்து திருத்தலமும்தான். அந்நாட்டின் நடுப்பகுதியில் ஒவெர்ன் என்ற மலைநாடு ஒன்று இருக்கிறது. அணைந்துபோன எரிமலைகளும், ஏரிகளும், மாடுகள் மேயும் புல்வெளிகளும் நிறைந்த நாடு அது. அதன் சிற்றூர்களில் ஒன்பது நூற்றாண்டுகளாகக் கல் ஆலயங்கள் நின்றுகொண்டிருக்கின்றன. அவற்றைக் கட்டியவர்கள் யார், ஊரில் மக்கள் குறைந்துவிட்ட இன்றும் அவற்றைக் காப்பவர்கள் யார் என்ற கேள்விகளோடு அந்த நாட்டை நாம் இன்று சுற்றி வருவோம்.

நெருப்பு விட்டுச் சென்ற நிலம்

ஒவெர்னின் தலைநகர் கிளெர்மோன் பெரான். நகரின் மேற்கே ஏறத்தாழ 80 எரிமலைகள் வடக்குத் தெற்காக ஒரே வரிசையில் நிற்கின்றன. அவற்றுள் உயரமானது 1,465 மீட்டர் உயரமுள்ள பியூய் தெ டோம். இது சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் உருவானது என்று நிலவியலார் கணிக்கின்றனர். இன்று புகையும் இல்லை, நெருப்பும் இல்லை. மலைகளின் மேல் புல்லும் காடும் போர்த்திக் கிடக்கின்றன. இந்த எரிமலை வரிசையையும் அதன் அருகிலுள்ள லிமாஞ்ஞ் நிலப்பிளவையும் யுனெஸ்கோ நிறுவனம் 2018ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

பியூய் தெ டோம் மலையுச்சிக்கு நடந்தும் ஏறலாம், 2012 முதல் ஓடும் பற்சக்கர இரயிலிலும் ஏறலாம். உச்சியில் உரோமையர் தங்கள் மெர்குரி தெய்வத்துக்குக் கட்டிய கோவிலின் இடிபாடுகள் உள்ளன. கிளெர்மோனில் பிறந்த பிளெய்ஸ் பாஸ்கல் என்ற அறிஞரின் வேண்டுகோளை ஏற்று, அவருடைய அக்காள் கணவர் புளோரென் பெரியே 1648 செப்டம்பர் 19 அன்று பாதரசக் குழாயுடன் இம்மலை ஏறினார். அடிவாரத்தைவிட உச்சியில் பாதரசம் தாழ்ந்து நின்றது. மேலே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறையும் என்பது அன்று உறுதியாயிற்று. இறைவனைத் தேடிய உள்ளமும் இயற்கையை அளந்த அறிவும் பாஸ்கலிடம் ஒன்றாகவே இருந்தன என்பதை நாம் மறக்கக்கூடாது.

தெற்கே சென்றால் 1,886 மீட்டர் உயரமுள்ள சான்சி மலை. அதன் சரிவில்தான் தொர்தோஞ்ஞ் ஆறு பிறக்கிறது. அருகில் ஷாம்போன் ஏரி. தார்தரே என்ற எரிமலை கக்கியவை பள்ளத்தாக்கை அடைத்துக்கொண்டதால் தேங்கிய நீர் அது. பெஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஏறக்குறைய வட்டமாக, 92 மீட்டர் ஆழத்தில் பாவேன் ஏரி இருக்கிறது. அதுவும் ஓர் எரிமலைப் பள்ளமே. நிலத்தைக் குலைத்த நெருப்பே நீர் தங்க இடம் அமைத்துக் கொடுத்தது. கட்டுவதற்குக் கல்லும் தந்தது.

ரோமனெஸ்க் என்பது என்ன?

ஏறத்தாழ 10ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 12ஆம் நூற்றாண்டு வரை மேற்கு ஐரோப்பாவில் பரவிய கட்டடப் பாணியை ரோமனெஸ்க் என்கிறோம். பழைய உரோமையரைப் போல அரைவட்ட வளைவுகளைப் பயன்படுத்தியதால் இப்பெயர் வந்தது. கூர்மையான வளைவுகளும் பெரிய கண்ணாடிச் சாளரங்களும் கொண்ட கோத்திக் பாணி இதற்குப் பின் வந்தது.

அதற்கு முன் பல ஆலயங்களின் கூரை மரத்தால் ஆனது. ஒரு தீ போதும், ஆலயம் கருகிவிடும். ஆகவே கூரையையும் கல்லால் கட்ட முனைந்தார்கள். ஆனால் கல்லால் ஆன வளைவுக்கூரை தன் பாரத்தால் சுவர்களை வெளிப்புறமாகத் தள்ளும். சுவர் தடிமனாக இருக்க வேண்டும், சாளரம் சிறிதாக இருக்க வேண்டும். ஒவெர்ன் கொத்தனார்கள் இதற்கு ஒரு நல்ல வழி கண்டார்கள். பக்கக்கூடங்களின் மேல்மாடியில் கால்வட்ட வளைவுகளை அமைத்து, அவை நடுக்கூடத்தின் கூரையை இருபுறமும் தோள்கொடுத்துத் தாங்கும்படி செய்தார்கள்.

இதனால் நடுக்கூடத்தின் உயரத்தில் சாளரம் வைக்க இடமில்லாமல் போயிற்று. உள்ளே நுழைபவர் மங்கலான ஒளியில்தான் நடக்க வேண்டும். ஆனால் பீடத்தை நெருங்க நெருங்க வெளிச்சம் கூடுகிறது. அங்கே சுற்றிலும் சாளரங்கள் உள்ளன. கட்டடக்கலையின் கட்டாயத்தால் வந்த இந்த இருளும் ஒளியும், நுழைபவருக்கு ஒரு மறையுரையாகவே அமைந்துவிட்டன.

வெளியே பின்புறம் சென்று பார்த்தால் இந்த ஆலயங்களின் அழகு முழுமையாகத் தெரியும். தாழ்வான சிறு பீடக்கூடங்கள், அவற்றுக்கு மேல் பீடத்தைச் சுற்றும் பாதையின் கூரை, அதற்கு மேல் பீடப்பகுதி, அதற்கும் மேல் அகன்ற தோள் போன்ற ஒரு கல்மேடை, உச்சியில் எண்கோண மணிக்கோபுரம் எனப் படிப்படியாக ஏறும். பின்னணியில் நிற்கும் மலைகளைப் பார்த்தே கட்டினார்களோ என்று எண்ணத் தோன்றும்.

ஐந்து ஆலயங்கள்

இந்தப் பாணியில் முழுமை பெற்றவையாக ஐந்து ஆலயங்களை அறிஞர்கள் குறிப்பிடுகின்றனர். ஐந்தும் பெரும்பாலும் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை.

முதலாவது, கிளெர்மோன் நகரிலேயே உள்ள நோத்ர் தாம் தியு போர். ஸ்பெயினிலுள்ள புனித யாக்கோபின் திருத்தலமான சந்தியாகுவுக்குச் செல்லும் திருப்பயணப் பாதைகளின் ஒரு பகுதியாக, 1998இல் இது உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. பீடத்தைச் சுற்றியுள்ள தூண்களின் தலைப்பு ஒன்றில், இதைச் செய்தவர் ரொபேர்துஸ் என்று இலத்தீனில் பொறித்திருக்கிறது. பெயர் தெரியாமல் மறைந்த நூற்றுக்கணக்கான சிற்பிகளுக்கு நடுவே ஒருவருடைய பெயர் மட்டும் நமக்குக் கிடைத்திருக்கிறது.

இரண்டாவது, இசுவார் ஊரிலுள்ள புனித ஒஸ்திரமுவான் ஆலயம். கிளெர்மோனின் முதல் ஆயர் என்று மரபு போற்றும் புனிதரின் பெயரைத் தாங்கியது. வெளிச்சுவரில் பன்னிரு இராசிகளின் சிற்பங்கள் உள்ளன. ஆண்டின் எல்லா மாதங்களும், எல்லாப் பருவங்களும் இறைவனுடையவை என்று உழவர்களுக்குச் சொல்லும் கல் நாள்காட்டி அது. உள்ளே ஒரு தூண் தலைப்பில் ஆண்டவரின் இறுதி இராவுணவு. மேசை விரிப்பு தூணையே சுற்றி வருகிறது. திருத்தூதர்கள் அதைச் சூழ அமர்ந்திருக்கிறார்கள். உட்சுவர்கள் முழுவதும் காணப்படும் அடர்ந்த வண்ணப்பூச்சு 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

மூன்றாவது, சேன் சத்துர்னேன். ஐந்தில் மிகச் சிறியது இதுவே. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793-94 காலத்தில், இப்பகுதியின் மணிக்கோபுரங்கள் பல இடித்துத் தள்ளப்பட்டன. சேன் சத்துர்னேன் கோபுரமோ தப்பி நின்றது. இன்று வேறு சில ஆலயங்களில் நாம் காணும் கோபுரங்கள் 19ஆம் நூற்றாண்டில் மீண்டும் எழுப்பப்பட்டவை.

நான்காவது, சேன் நெக்தேர். பாலாடைக்கட்டிக்குப் பெயர்பெற்ற இவ்வூரில், குன்றின் பாறைமேல் ஆலயம் நிற்கிறது. உள்ளே 103 தூண் தலைப்புகள். படிக்கத் தெரியாத மலைநாட்டு மக்களுக்கு அவை நற்செய்தியையும் புனிதர் வரலாற்றையும் கண்முன் நிறுத்தின. புனித போதிமின் திருப்பண்டத்தைத் தாங்கும் 12ஆம் நூற்றாண்டுச் செம்புச் சிலை 1907இல் திருடுபோய்ப் பின்னர் மீட்கப்பட்டது.

ஐந்தாவது, ஓர்சிவால். சுமார் 250 பேர் மட்டுமே வாழும் இந்தச் சிற்றூரில் ஒரு பசிலிக்கா! சமவெளியை ஒட்டிய ஆலயங்களுக்கு இளமஞ்சள் மணற்கல் கிடைத்தது. மலைக்குள் இருக்கும் ஓர்சிவாலுக்குச் சாம்பல் நிற எரிமலைக் கல்தான். ஊருக்கு அருகில் சனதுவார், துய்லியேர் என்று இரு பெரும் பாறைகள் எதிரெதிரே நிற்கின்றன. துய்லியேர் என்றாலே கூரை ஓடு தரும் இடம் என்று பொருள். பலகை பலகையாகப் பிளக்கும் அந்தப் பாறையிலிருந்து இவ்வட்டார மக்கள் தங்கள் கூரைகளுக்குக் கல்லோடு எடுத்தார்கள்.

ஓர்சிவாலில் பீடத்தின் பின்னே அன்னை மரியாவின் பழைமையான சுரூபம் உள்ளது. மரத்தில் செதுக்கி, வெள்ளித் தகடும் பொன்முலாம் பூசிய தகடும் போர்த்தியது. அன்னை அரியணையில் நிமிர்ந்து அமர்ந்திருக்கிறார். மடியில் மகன். மன்றாட்டு மாலையில் ஞானத்தின் இருப்பிடம் என்று நாம் அழைக்கிறோமே, அந்த உருவம்தான் இது. ஆண்டுதோறும் ஆண்டவரின் விண்ணேற்றப் பெருவிழாவை ஒட்டித் திருப்பயணிகள் கூடி வருகிறார்கள், சுரூபத்தைப் பவனியாகச் சுமந்து செல்கிறார்கள். ஆலயத்தின் வெளிச்சுவரில் இரும்புச் சங்கிலிகள் தொங்குகின்றன. சிறையிலிருந்து விடுதலை பெற்றவர்கள் அன்னைக்குக் காணிக்கையாகத் தந்தவை என்பது வழிவழி வரும் மரபு. பொன்னும் வெள்ளியும் கொடுக்க இயலாதவர்கள், தங்களைப் பிணித்திருந்ததையே கொண்டுவந்து கொடுத்தார்கள்.

மாடுகளோடு மலையேறும் அன்னை

பாவேன் ஏரிக்கு அருகிலுள்ள பெஸ் ஊரின் வழக்கம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். கோடைத் தொடக்கத்தில் ஊர் மாடுகள் உயர்ந்த மேய்ச்சல் நிலங்களுக்கு ஏறும். ஜூலை 2 அன்று ஊர் மக்கள் வசிவியேர் அன்னையின் சுரூபத்தையும் தோளில் சுமந்து மலைமேல் உள்ள சிற்றாலயத்துக்குக் கொண்டுபோய் வைக்கிறார்கள். செப்டம்பர் இறுதியில், குளிர் தொடங்கும்போது, அன்னை மீண்டும் ஊருக்குள் இறங்கி வருகிறார். மேய்ப்பவர்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கே அன்னையும் இருக்க வேண்டும் என்ற எளிய மக்களின் எண்ணம் இதில் தெரிகிறது.

இன்று காப்பவர்கள் யார்?

இங்கேதான் நம் கேள்வி கனமாகிறது. வேலை தேடி இளையோர் நகரங்களுக்குப் போய்விட்டார்கள். குருக்களின் எண்ணிக்கை குறைந்துவிட்டது. பல கிராமங்கள் சேர்ந்து ஒரே பங்கு. ஞாயிறு திருப்பலி ஒரு வாரம் ஓர் ஊரில், மறுவாரம் வேறோர் ஊரில் என்று முறை வைத்து நடக்கும் இடங்கள் உண்டு.

1905 டிசம்பர் 9 அன்று பிரான்சில் திருச்சபையையும் அரசையும் பிரிக்கும் சட்டம் வந்தது. அதன் விளைவாக, அதற்கு முன் கட்டப்பட்ட பங்கு ஆலயங்கள் பெரும்பாலும் ஊராட்சிகளுக்குச் சொந்தமாயின. பேராலயங்கள் பெரும்பாலும் அரசுக்குச் சொந்தமாயின. வழிபாட்டுக்கு அவற்றைப் பயன்படுத்தும் உரிமை இறைமக்களிடமே இருக்கிறது. இவ்வாறு நாடெங்கும் ஊராட்சிகளிடம் உள்ள ஆலயங்கள் ஏறத்தாழ 40,000. கூரை ஒழுகினால் ஓடு மாற்ற வேண்டியது, கோவிலுக்கு வருபவரோ வராதவரோ, அந்த ஊர்த் தலைவர்தான். சில நூறு பேர் வாழும் ஊருக்கு அது எத்தனை பெரிய சுமை!

பாரிஸ் நோத்ர் தாம் 2019இல் தீக்கிரையானபோது உலகமே கண்ணீர் விட்டது, கொடைகள் குவிந்தன, 2024 டிசம்பரில் அது மீண்டும் திறக்கப்பட்டது. கிராமத்து ஆலயம் அப்படி எரிவதில்லை. ஓர் ஓடு விலகுகிறது, மழைநீர் இறங்குகிறது, சுவர் ஊறுகிறது. யாரும் அழுவதில்லை. இதை உணர்ந்தே, 10,000க்கும் குறைவான மக்கள் வாழும் ஊர்களின் வழிபாட்டு இடங்களுக்காக 2023 செப்டம்பரில் பிரான்சில் நாடளாவிய நிதி திரட்டல் தொடங்கப்பட்டது.

ஆனால் பணம் கூரையைத்தான் காக்கும். காலையில் கதவைத் திறந்து, பீடத்தில் பூ மாற்றி, மாலையில் பூட்டிச் செல்லும் கைகள் இல்லாவிட்டால், ஆலயம் அருங்காட்சியகமாகிவிடும்.

செல்ல நினைப்பவர்களுக்கு

கிளெர்மோனைத் தங்குமிடமாகக் கொண்டு மூன்று நாட்களில் இவற்றைப் பார்த்துவிடலாம். கிராமங்களுக்குப் பேருந்துகள் குறைவு என்பதால் சொந்த வாகனமோ வாடகை வாகனமோ தேவை. முதல் நாள் நோத்ர் தாம் தியு போரும் பியூய் தெ டோம் மலையும். இரண்டாம் நாள் ஓர்சிவால், அங்கிருந்து இரு பாறைகளையும் பார்த்துக்கொண்டு கேரி ஏரி வழியாகச் சான்சி மலையடிவாரம். மூன்றாம் நாள் ஷாம்போன் ஏரி, சேன் நெக்தேர், இசுவார், திரும்பும் வழியில் சேன் சத்துர்னேன். மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். குளிர்காலத்தில் மலைப்பாதைகளில் பனி விழும். திருப்பலி நேரம் வாரத்துக்கு வாரம் மாறக்கூடும் என்பதால் ஆலயக் கதவில் ஒட்டியிருப்பதைப் படித்துக்கொள்வது நல்லது.

இன்னொன்றும் உண்டு. உள்ளே நுழைந்தவுடன் படம் எடுக்காமல் பத்து நிமிடம் அமர்ந்திருப்போம். கண் இருளுக்குப் பழகும். அதன் பிறகே தூண்களின் தலைப்புகளில் உள்ள முகங்கள் தெரியத் தொடங்கும்.

நிறைவாக

புனித பேதுரு தம் முதல் திருமுகத்தில் நம்மை உயிருள்ள கற்கள் என்கிறார். நெருப்பில் உருகி, குளிர்ந்து, வெட்டுப்பட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட ஒவெர்ன் கற்களைப் பார்த்தால் அதன் பொருள் நன்றாக விளங்கும். எந்தக் கல்லும் தனியாகக் கூரையைத் தாங்கவில்லை. பக்கத்துக் கல் தள்ளும் பாரத்தை வாங்கி அடுத்த கல்லுக்குக் கொடுக்கிறது, அவ்வளவுதான். கட்டியவர்கள் அப்படித்தான் வாழ்ந்தார்கள். இன்று கதவைத் திறந்து வைக்கும் அந்த முதியவர்களும் அப்படித்தான் வாழ்கிறார்கள். அங்கே சென்று ஒரு மெழுகுதிரி ஏற்றி, ஒரு செபம் சொல்லித் திரும்பும் திருப்பயணியும் அந்தச் சுவரில் ஒரு நாள் ஒரு கல்லாக நிற்கிறார். நாம் வழிபடும் ஆலயத்தில் நமக்கு உரிய இடம் எது என்று சிந்திப்போம்.