‘ரோசா’வில் காலப் பயணிகள் காப்பது எதை?

பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ தொடரில் 2018 அக்டோபர் 21 அன்று ஒளிபரப்பான ‘ரோசா’ அத்தியாயத்தைப் பற்றி ஒரு வாசிப்பு நிலைபெற்றுவிட்டது. மாலரி பிளாக்மனும் கிறிஸ் சிப்னலும் எழுதிய இக்கதை மான்ட்கோமரியின் பேருந்துப் புறக்கணிப்பை ஒரு மாலை நேரத்துத் தற்செயலாகச் சுருக்குகிறது என்கிறது அவ்வாசிப்பு. ரோசா பார்க்ஸைக் காலப் பயணிகள் பத்திரமாகக் கரைசேர்க்க வேண்டிய பொருளாக்குகிறது என்றும் குற்றம் சாட்டுகிறது. இதன் முதற்பகுதியில் ஓரளவு உண்மை உண்டு. இரண்டாம் பகுதியை இறுதிப் பேருந்துக் காட்சியே மறுக்கிறது.

ரோசா பேருந்தில் எழ மறுக்கும் நிகழ்வைத் தடுக்க வரும் வில்லன் கிராஸ்கோ எதன்மேல் கைவைக்கிறான் என்பதிலிருந்து தொடங்கலாம். பேருந்தைச் சேதப்படுத்துகிறான், ஓட்டுநர் ஜேம்ஸ் பிளேக்குக்குப் பதில் வேறொருவர் பணிக்கு வரும்படி செய்கிறான், வழியை மறிக்கிறான். ரோசாவின் மனத்தை அவன் அணுகுவதே இல்லை. மூளையில் பொருத்திய கருவி அவனைக் கொல்லவிடாது, அதனால்தான் இச்சுற்றுவழி என்பர். கொல்ல முடியாதவனாலும் மிரட்டவும் பொய்சொல்லவும் முடியுமே. அவ்வழி எதையும் கதை அவனுக்குத் தரவில்லை.

பயணிகள் மீட்டமைப்பவையும் அதே வகையினவே. மீன்பிடிக்கப் போயிருந்த பிளேக்கைப் பேருந்துக்குத் திரும்பவைக்கிறார்கள். மாற்று ஓட்டுநரை ஒரு பரிசுப் பயணத்தைக் காட்டி ஊரைவிட்டு அனுப்புகிறார்கள். பேருந்தில் வெள்ளையர் இருக்கைகள் நிரம்பி, ஒருவர் நிற்கும் நிலை வரவேண்டும். அப்போதுதான் பிளேக் ரோசாவை எழச்சொல்வார். பயணிகளில் ஒருவரான கிரஹாம் இறங்கிப்போக விரும்புகிறார். பயணிகளுக்குத் தலைமைதாங்கும் டாக்டர் தடுத்து, உட்கார்ந்தே இருக்கும்படி சொல்கிறார். கறுப்பினப் பெண்ணான கிரேஸை மணந்து அண்மையில் இழந்தவர் கிரஹாம். அவர் அந்த வெள்ளையர் வரிசையின் ஓரிடத்தை அடைத்துக்கொண்டு வாய்பேசாமல் இருக்க வேண்டியிருக்கிறது.

என் பார்வையில் அத்தியாயத்தின் அச்சு இதுதான். பயணிகள் காப்பது அநீதி நடப்பதற்கான ஏற்பாட்டை மட்டுமே. எதிர்ப்புக்கு அவர்கள் ஒரு துரும்பையும் கிள்ளிப்போடவில்லை. எழமாட்டேன் என்ற முடிவு முழுக்க முழுக்க ரோசாவுடையது. அதற்கு ஊக்கமோ யோசனையோ யாரும் தரவில்லை. கரைசேர்க்கப்படும் பொருளுக்கு இத்தகைய முடிவு ஏது?

முடிவு திடீரென முளைத்ததாகவும் கதை சொல்லவில்லை. 1943இல் இதே பிளேக் ரோசாவைப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டதில்தான் அத்தியாயம் தொடங்குகிறது. ரோசாவின் வீட்டில் மார்ட்டின் லூதர் கிங்கும் வழக்கறிஞர் ஃபிரெட் கிரேயும் கூடியிருக்கும் காட்சியும் உண்டு. வரலாற்றிலும், 1943 முதல் கறுப்பின உரிமைச் சங்கக் கிளையின் செயலராக இருந்தவர் ரோசா; 1955 கோடையில் டென்னசியின் ஹைலேண்டர் பள்ளியில் பயிற்சிக்குச் சென்றவர்.

எனினும், அந்த ஒரு மாலை தவறினால் எல்லாம் தவறும் என்ற கிராஸ்கோவின் வரலாற்றுக் கோட்பாட்டை டாக்டரும் ஏற்றுக்கொள்கிறார். கதையின் உண்மையான பலவீனம் இங்கே இருக்கிறது. கிளாடெட் கோல்வின் 1955 மார்ச் 2இலும், மேரி லூயிஸ் ஸ்மித் அதே ஆண்டு அக்டோபர் 21இலும் இருக்கையை விட மறுத்துக் கைதானவர்கள். டிசம்பர் 1இல் ரோசா கைதான பின் ஜோ ஆன் ராபின்சன் இரவோடிரவாக அச்சிட்ட துண்டறிக்கைகள் நகரெங்கும் போயின. 381 நாள் நீடித்த புறக்கணிப்பை முடித்துவைத்த ‘பிரவுடர் எதிர் கேல்’ வழக்கில் கோல்வினும் ஸ்மித்தும் வாதிகள், ரோசா வாதியல்லர். டிசம்பர் 1 கெட்டிருந்தாலும் இன்னொரு நாள் வந்திருக்கும் என்றே கருத இடமுண்டு. ரோசாவின் பெயர் தாங்கிய சிறுகோளைக் காட்டி அத்தியாயம் முடிவது இக்குறையை மேலும் கூட்டுகிறது.

ரிச்சர்ட் கர்ட்டிஸ் எழுதிய 2010ஆம் ஆண்டின் ‘வின்சென்ட் அண்ட் த டாக்டர்’ அத்தியாயம், வரலாற்று மனிதரின் மனத்தை அணுகும் விதத்தில் ‘ரோசா’வுக்கு நேர்மாறானது. அதில் பயணிகள் வான் கோவைப் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்துக்கே அழைத்துவந்து, பின்னாளில் அவருக்குக் கிடைத்த புகழைக் காட்டி, அவர் மனத்தையே தொடுகிறார்கள். நெகிழவைக்கும் காட்சிதான், ஆனால் அங்கே மேதைக்கே நம் காலத்தின் பாராட்டு தேவைப்படுகிறது. ரோசாவுக்கு அது தேவைப்படவில்லை.

ஆகவே, காலப் பயணக் கதையில் வரும் வரலாற்று மனிதரின் சுயமுடிவு பறிபோகிறதா என்பதை, பயணிகள் எவ்வளவு தலையிடுகிறார்கள் என்பதைக் கொண்டு அளக்கக் கூடாது. எதில் தலையிடுகிறார்கள் என்றே கேட்க வேண்டும். அந்த அளவுகோலில் ‘ரோசா’ இயக்கத்துக்குக் குறைவைத்த கதை. ரோசா பார்க்ஸுக்குக் குறைவைத்த கதையன்று.