ஸ்டார் டிரெக் மறுதொடக்கமும் இரசிகர்களும்

முன்னுரை

கணினி சரிவர இயங்காதபோது அதை நிறுத்தி மீண்டும் தொடங்குவதை ‘ரீபூட்’ என்கிறோம். திரைத்துறையினர் இச்சொல்லைக் கடன் வாங்கிக்கொண்டனர். பல ஆண்டுகளாக நீண்டுவந்த ஒரு கதையில் அதுவரை நடந்தவற்றை ஒதுக்கிவிட்டு, அதே பாத்திரங்களைக் கொண்டு முதலிலிருந்து சொல்வதே மறுதொடக்கம் ஆகும். தயாரிப்பாளருக்கு இது வணிக முடிவு. அந்தக் கதையோடு வளர்ந்த இரசிகருக்கோ தம் நினைவில் ஒரு பகுதியை யாரோ செல்லாது என்று சொல்லிவிட்டது போன்றது. அமெரிக்க அறிவியல் புனைகதைத் தொடரான ஸ்டார் டிரெக் 2009ஆம் ஆண்டு மறுதொடக்கம் செய்யப்பட்டபோது அதன் இரசிகர்கள் அதை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதை இக்கட்டுரை கூறுகிறது.

இரசிகர்கள் காப்பாற்றிய தொடர்

ஜீன் ராடன்பெரி உருவாக்கிய ஸ்டார் டிரெக், 1966 செப்டம்பர் 8 அன்று என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கியது. என்டர்பிரைஸ் என்னும் விண்கலம், அதன் தலைவர் கேப்டன் கிர்க், உணர்ச்சியை அடக்கி அறிவின் வழி நடக்கும் வல்கன் இனத்தவரான ஸ்போக், மருத்துவர் மக்காய் ஆகியோரைச் சுற்றிக் கதை அமைந்தது.

இரண்டாம் பருவத்தின்போதே தொடர் நிறுத்தப்படும் என்ற பேச்சு எழுந்தது. பியோ டிரிம்பிள், ஜான் டிரிம்பிள் என்ற இணையர் முன்னின்று நடத்திய இயக்கத்தால் இரசிகர்களின் கடிதங்கள் நிறுவனத்தில் வந்து குவிந்தன. தொடர் நீடிக்கும் என்று 1968 மார்ச்சில் ஒளிபரப்பிலேயே அறிவிக்க வேண்டியதாயிற்று. ஆயினும் மூன்றாம் பருவம் வெள்ளி இரவு 10 மணிக்குத் தள்ளப்பட்டது. 79 பகுதிகளோடு 1969இல் தொடர் முடிந்தது.

அதன் பிறகுதான் அது உண்மையில் வளர்ந்தது. உள்ளூர் நிலையங்களின் மறுஒளிபரப்பில் புதிய தலைமுறை அதைக் கண்டது. 1972 சனவரியில் நியூயார்க்கில் கூடிய இரசிகர் மாநாட்டுக்கு, எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு பேர் வந்தனர். இரசிகர்கள் எழுதிய கடிதங்களால் 1976இல் நாசாவின் முதல் விண்ணோடத்துக்கு என்டர்பிரைஸ் என்றே பெயர் சூட்டப்பட்டது. இதையெல்லாம் செய்தவர்கள் தம்மை வெறும் பார்வையாளர்களாகக் கருதாததில் வியப்பில்லை. கதையின் சட்ட உரிமை நிறுவனத்துடையது. அதைக் காத்துவந்த உரிமை தம்முடையது என்றே அவர்கள் எண்ணினர். பின்னாளில் எழுந்த சச்சரவுகள் பலவற்றின் வேர் இந்த எண்ணத்தில்தான் உள்ளது.

பழைய எதிர்ப்புகள்

மாற்றத்தை இரசிகர்கள் எதிர்த்தது 2009இல்தான் முதன்முறை அன்று. 1982இல் வெளிவந்த இரண்டாம் திரைப்படத்தில் ஸ்போக் இறக்கிறார் என்ற செய்தி முன்கூட்டியே கசிந்ததும் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. இயக்குநர் நிக்கோலஸ் மேயரின் அப்படம், பயிற்சி ஒன்றில் ஸ்போக் இறப்பது போன்ற பொய்க்காட்சியோடு தொடங்கி, அந்த எதிர்பார்ப்பைத் தணித்தது. இறுதியில் வந்த உண்மையான மரணக் காட்சியோ இன்று தொடரின் சிறந்த காட்சிகளுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது.

1987இல் கிர்க்கும் ஸ்போக்கும் இல்லாத புதிய தொடர், பேட்ரிக் ஸ்டூவர்ட் நடிப்பில் தொடங்கியபோது பழைய இரசிகர்கள் பலர் முகம் சுளித்தனர். அத்தொடர் ஏழு பருவங்கள் ஓடியது. அதைப் பார்த்து வளர்ந்த சிறுவர்களுக்கு அதுவே ‘பழைய’ ஸ்டார் டிரெக் ஆயிற்று. ஒரு காலத்தின் புதுமை அடுத்த காலத்தின் மரபாகிவிடுகிறது என்பதற்கு இது நல்ல சான்று.

மறுதொடக்கம் ஏன் வந்தது?

1987 முதல் 2005 வரை ஏதாவதொரு ஸ்டார் டிரெக் தொடர் இடைவிடாமல் ஒளிபரப்பாகி வந்தது. நூற்றுக்கணக்கான பகுதிகளில் சேர்ந்துவிட்ட வரலாறு புதியவர்களை மிரட்டியது. 2002இல் வந்த பத்தாம் திரைப்படம் வசூலில் தோற்றது. 2005இல் ‘என்டர்பிரைஸ்’ என்ற தொடரும் நிறுத்தப்பட்டது. அதைத் தொடர்ந்து நடத்த இரசிகர்கள் பணம் திரட்டியும் பயனில்லை.

இந்நிலையில் பாரமவுண்ட் நிறுவனம் இயக்குநர் ஜே.ஜே. ஆபிரகாம்சிடம் பொறுப்பை ஒப்படைத்தது. தாம் ஸ்டார் டிரெக் இரசிகராக வளர்ந்தவர் அல்லர் என்று அவரே வெளிப்படையாகக் கூறியிருந்தார். அது பலருக்கு எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியது போலிருந்தது.

அழிப்பதா, கிளைவிடுவதா?

2009 திரைப்படத்தின் கதை ஒரு நுட்பமான ஏற்பாட்டைக் கொண்டது. 2387இல் ரோமுலஸ் கோள் விண்மீன் வெடிப்பால் அழிகிறது. அதைக் காக்க முயன்று தோற்ற முதிய ஸ்போக்கும், பழிவாங்கத் துடிக்கும் நீரோ என்பவனும் கடந்த காலத்துக்கு இழுக்கப்படுகின்றனர். 2233இல் நீரோ கெல்வின் என்ற கலத்தைத் தாக்குகிறான்; கிர்க்கின் தந்தை இறக்கிறார். அந்த நொடியில் காலம் புதிய கிளையாகப் பிரிகிறது. பின்னர் நீரோ வல்கன் கோளையே அழித்துவிடுகிறான்.

ஆகவே பழைய கதை அழியவில்லை. வேறொரு கிளையில் அப்படியே இருக்கிறது. இதற்குச் சாட்சியாகப் பழைய ஸ்போக்காக லெனார்ட் நிமாயே நடித்தார். 2009 ஏப்ரலில் டெக்சாசின் ஆஸ்டின் நகரில், 1982ஆம் ஆண்டுப் படத்தைக் காணவந்த இரசிகர்கள் முன் நிமாய் எதிர்பாராமல் தோன்றினார். அன்று அவர்களுக்குப் புதிய படமே திரையிடப்பட்டது. பழைய வீட்டின் பெரியவரே புதுவீட்டுக்கு அழைத்துச் சென்றதாக இதைக் கொள்ளலாம். படம் உலக அளவில் 38 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. ஒப்பனைக்காக இத்தொடருக்கு முதல் ஆஸ்கர் விருதையும் பெற்றுத் தந்தது.

இரசிகர்கள் எதிர்கொண்ட விதம்

இரசிகர்களின் எதிர்வினையை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, ஏற்பு. கிளைக்காலம் என்ற விளக்கத்தை ஏற்று, இரண்டையும் தனித்தனியே இரசித்தவர்கள் இவர்கள். 2016இல் புதிய கிளைக்குக் ‘கெல்வின் காலக்கோடு’ என்ற பெயர் நிலைபெற்றது. பெயர் கிடைத்ததும் வாதம் எளிதாயிற்று.

இரண்டாவது, மறுப்பு. அமைதியான ஆய்வுக்கும் அறக்கேள்விக்கும் பெயர்பெற்ற கதை, அடிதடிப் படமாகிவிட்டது என்பது இவர்களின் குறை. 2013இல் வந்த அடுத்த படம் 1982ஆம் ஆண்டின் மரணக் காட்சியைப் பாத்திரங்களை மாற்றி மீண்டும் காட்டியது. கான் நூனியன் சிங் என்ற இந்தியப் பெயர் கொண்ட பாத்திரத்துக்கு ஆங்கில நடிகர் பெனடிக்ட் கம்பர்பேட்சைத் தேர்ந்தெடுத்ததும் கண்டிக்கப்பட்டது. அவ்வாண்டு லாஸ் வேகஸ் மாநாட்டில் கூடிய இரசிகர்கள் ஸ்டார் டிரெக் படங்களைத் தரவரிசைப்படுத்தியபோது இப்படத்துக்குக் கடைசி இடமே கொடுத்தனர்.

மூன்றாவது, தாமே படைத்தல். நியூயார்க் மாநிலத்தில் ஜேம்ஸ் காலி என்ற இரசிகர், 1966ஆம் ஆண்டு அரங்குகளை அப்படியே எழுப்பி, 2004 முதல் படங்கள் எடுத்தார். மூலத்தொடரில் சூலுவாக நடித்த ஜார்ஜ் டக்கே அதில் ஒரு பகுதியில் நடித்தார். ‘ஸ்டார் டிரெக் கன்டினியூஸ்’ என்ற மற்றொரு முயற்சி 11 பகுதிகளை வெளியிட்டது. பொதுமக்களிடம் பெருந்தொகை திரட்டிய ‘அக்சனார்’ என்ற படத்தின்மீது 2015 இறுதியில் உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தனர். 2016 சூனில் வந்த விதிகள், இரசிகர் படம் ஒரு பகுதிக்கு 15 நிமிடமும் இரண்டு பகுதிகளும் சேர்ந்து 30 நிமிடமும் தாண்டக்கூடாது என்றும், 50,000 டாலருக்கு மேல் திரட்டக்கூடாது என்றும் வரையறுத்தன. கதை யாருடையது என்ற பழைய கேள்விக்குச் சட்டம் விடை சொல்லிவிட்டது. மனம் அந்த விடையை ஏற்றதா என்பது வேறு.

பின்னர் நடந்தது

2015 பிப்ரவரியில் நிமாய் காலமானார். 2016இல் வந்த மூன்றாம் படத்தில் முதிய ஸ்போக்கின் மறைவும் கதையாகவே இடம்பெற்றது. அதன்பின் அக்கிளையில் புதிய படம் வரவில்லை. 2017இல் தொடங்கிய ‘டிஸ்கவரி’ முதலான தொடர்கள் மூலக் காலக்கோட்டுக்கே திரும்பின. 2020இல் தொடங்கிய ‘பிக்கார்டு’ தொடரின் கதையோ, 2009 படம் கூறிய ரோமுலஸ் அழிவையே அடித்தளமாகக் கொண்டது. மறுக்கப்பட்ட படத்தின் ஒரு நிகழ்வு, மூலக்கதையின் நீங்காத பகுதியாகிவிட்டது.

அவ்வாண்டுகளில் வேறோர் இழப்பும் நேர்ந்தது. பத்தாம் படத்துக்குப் பிறகு நடந்தவற்றை நாவல்கள் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சொல்லி வந்தன. புதிய தொடர் வேறு வரலாற்றைக் கூறியதால், 2021இல் ‘கோடா’ என்ற மூன்று நூல்களோடு அந்த நாவல் வரிசை முடித்துவைக்கப்பட்டது. திரைப்பட இரசிகருக்கு 2009இல் கிடைத்த ஆறுதல் நாவல் வாசகருக்கு இந்த அளவே கிடைத்தது: கதையைப் பாதியில் அறுக்காமல் ஒரு முடிவு தந்தார்கள்.

முடிவுரை

புதியதை வெறுத்தவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்றும், ஏற்றவர்களைப் பற்றில்லாதவர்கள் என்றும் சொல்வது எளிது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1968இல் கடிதம் எழுதியவர்களின் பிடிவாதம் இல்லையேல் மறுதொடக்கம் செய்ய ஒரு கதையே எஞ்சியிருக்காது. 1987இலும் 2009இலும் வந்த புதியவர்கள் இல்லையேல் அந்தக் கதை கடிதம் எழுதியவர்களோடே முடிந்திருக்கும்.