ரோமர் மோதிரங்களில் காணும் உருவங்கள்

கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை பொங்கியபோது உயிர் நீத்த பிளினி என்னும் ரோமப் பேரறிஞர், தாம் இயற்றிய இயற்கை வரலாற்று நூலில் மோதிரங்களைப் பற்றியும் மணிகளைப் பற்றியும் விரிவாக எழுதியுள்ளார். அவர் காலத்து ரோமனுக்கு மோதிரம் கையொப்பத்துக்கு நிகராக நின்றது. கடிதமாயினும் மரண சாசனமாயினும் மோதிரக் கல்லை மெழுகிலோ களிமண்ணிலோ அழுத்தி முத்திரையிடுவது வழக்கம். அடிமைகள் கைவைப்பரோ என்றஞ்சி, உண்ணும் உணவுக்கும் குடிக்கும் பானத்துக்குங்கூட மோதிர முத்திரை இட வேண்டிய காலம் வந்துவிட்டதே எனப் பிளினி மனம் நொந்து எழுதுகின்றார். அடிமைகளைப் பற்றி நோவாமல் சாப்பாட்டைப் பற்றி நொந்தாரே என்று நமக்குத் தோன்றலாம், அது நிற்க.

அக்கற்கள் பெரும்பாலும் சூதுபவளம் போன்றவை. விரல் நகத்தின் அளவே உள்ளவை. அவற்றில் குடைந்து செதுக்கப்பட்ட உருவம் யாருடையது என்று எங்ஙனம் அறிவது? முதலாவது, கல்லை நோக்காது அதன் பதிவை நோக்குதல் வேண்டும். முத்திரையாதலின் கல்லில் வலமாக உள்ளது மெழுகில் இடமாகத் தோன்றும். கல்லை மட்டும் கண்டவர்க்குப் போர்வீரன் ஈட்டியை இடக்கையில் ஏந்தியவனாகவே தெரிவான்.

இரண்டாவது, முகத்தை நம்புதல் கூடாது. இத்துணைச் சிறு கல்லில் முகம் என்பது இரண்டு மூன்று கீறல்களே. கையில் உள்ள பொருளே பெயரைச் சொல்லும். பணப்பையும் இரு பாம்புகள் சுற்றிய கோலும் இருப்பின் அவன் வணிகர் தெய்வமாகிய மெர்க்குரி. கப்பலின் சுக்கானும் கனிகள் வழியும் கொம்பும் ஏந்திய மாது பார்ச்சூனா என்னும் அதிர்ஷ்ட தேவதை. தலைச்சீராவும் கேடயமும் உடையவள் மினர்வா. கதையும் சிங்கத்தோலும் உடையவன் ஹெர்க்குலிஸ். ஒரு கையில் தட்டும் மறுகையில் கதிரும் கொண்டு நிற்கும் இளைஞன் நல்விளைவின் தெய்வம். ஆனால் கல் தேய்ந்து, கதிரா கோலா என்று ஐயம் எழுமாயின் பெயரும் ஐயத்துக்குரியதே.

மூன்றாவது துணை நாணயம். நாணயத்தில் எழுத்து உண்டு. ஆண்டும் பெரும்பாலும் தெரியும். இதற்குச் சுல்லாவின் மோதிரம் தக்க சான்று. கி.மு. 105-இல் நுமிடிய மன்னன் யுகுர்த்தாவை அவன் மாமனாகிய போக்கஸ் காட்டிக்கொடுத்தான். படைத்தலைவர் மாரியஸ்; அவர்கீழ் இருந்த சுல்லாவோ அக்காட்சியைத் தம் மோதிரத்தில் செதுக்கி, எக்கடிதத்துக்கும் அதையே முத்திரையாக இட்டு வந்தார். மாரியஸின் உள்ளத்தில் இது பகையை மூட்டியது என்கின்றார் புளூட்டார்க். பின்னர் இவ்விருவரின் பூசலால் ரோமின் தெருக்களில் குருதி ஓடியதைச் சரித்திரம் கூறும். மோதிரம் நமக்குக் கிட்டவில்லை. ஆயினும் சுல்லாவின் மகன் பௌஸ்டஸ் கி.மு. 56-இல் வெளியிட்ட வெள்ளிக் காசில், மேடைமீது சுல்லா வீற்றிருக்க, போக்கஸ் முழந்தாளிட்டு ஒலிவக் கிளையை நீட்ட, யுகுர்த்தா கைகள் பின்கட்டப்பட்டு மண்டியிட்டிருக்கக் காண்கிறோம். மோதிரத்துக் காட்சியே காசில் ஏறியது என்பது ஆராய்ச்சியாளர் கருத்து.

அகஸ்டஸ் முதலில் பெண்முகமும் சிங்கவுடலும் உடைய ஸ்பிங்ஸ் உருவை முத்திரையாகக் கொண்டார். அவர் இல்லாத வேளையில் அவர் நண்பர்கள் அம்முத்திரை இட்டுக் கட்டளைகள் விடுக்க, ஸ்பிங்ஸ் விடுகதை போடுகிறது என்று மக்கள் எள்ளி நகைத்தனர். பின் அலெக்சாந்தர் தலைக்கு மாறினார். இறுதியில் தியோஸ்கூரிதஸ் என்னும் சிற்பி செதுக்கிய தம் உருவையே கொண்டார். அவர் நண்பர் மீசினாஸின் முத்திரையோ தவளை. பண வசூலுக்கான ஓலைகளில் அது வந்ததால், அந்தத் தவளையைக் கண்டாலே மக்கள் நடுங்கினராம்!

இக்கற்கள் மிகுதியாகக் கிடைக்குமிடம் அரண்மனையன்று, சாக்கடை. வெந்நீர்க் குளியலறையின் ஆவியில் பசை இளகிக் கல் கழன்று நீரோடு ஓடிவிடும். வேல்ஸ் நாட்டுக் கார்லியன் கோட்டைக் குளியலறைச் சாக்கடையில் 88 கற்கள் அகப்பட்டன. இங்கிலாந்தின் கார்லைல் நகரிலும் இவ்வாறே முப்பதுக்கு மேற்பட்டவை வெளிவந்த செய்தி 2023-இல் பரவியது. மலாய்த் தீபகற்பத்தின் வடபால், தாய்லாந்தின் கிராபி மாநிலத்துக் குலோங் தோமிலும் ரோம வேலைப்பாட்டுக் கற்கள் கிடைத்துள்ளன. பெரும்பத்தன் கல் என்று தமிழ் எழுத்துப் பொறித்த பொற்கொல்லன் உரைகல்லும் அவ்வூரிலேயே அகப்பட்டது.

இனி, உருவத்தைவிட்டு எழுத்தை நம்பலாமா? எருசலேமுக்குத் தெற்கே ஹெரோதியத்தில் 1968-69-இல் அகழ்ந்தெடுத்த செப்புக்கலவை மோதிரம் ஒன்றில், நடுவே மதுக்கலமும் சுற்றிலும் கிரேக்க எழுத்தும் உண்டு. அவ்வெழுத்து பிலாத்து என்னும் பெயரே என 2018-இல் வெளியிட்டனர். ஏசுவுக்குத் தண்டனை விதித்த ஆளுநரின் மோதிரம் அகப்பட்டது எனப் பத்திரிகைகள் முழங்கின. வெளியிட்ட அறிஞரோ, இத்துணை மலிவான மோதிரத்தை ஆளுநர் தாமே அணிந்திருப்பாரோ என்று ஐயுற்றனர். அவர்கீழ் ஊழியம் புரிந்தவன் எவனேனும் அணிந்திருக்கலாம். பெயர் ஒன்றாயினும் விரல் வேறாகலாமன்றோ?

இவ்வாறு ஐயுறத் தெரியாதவரும் இருந்தனர். இடைக்காலத்தில் இங்கிலாந்தின் தர்ஹாம் மடத்துத் துறவிகளிடம் பழைய ரோம மணி ஒன்று இருந்தது. அதில் தாடியுடைய தலை ஒன்று. ஏழாம் நூற்றாண்டில் போரில் மாண்ட ஓஸ்வால்டு மன்னரின் தலையை அம்மடத்தார் புனிதப் பொருளாகப் போற்றி வந்தவர்கள். ஆகவே, புனித ஓஸ்வால்டின் தலை என்று சுற்றிலும் இலத்தீனில் பொறித்து அதையே தங்கள் முத்திரையாக்கினர். அந்தத் தலையோ ரோமரின் தேவராஜனான ஜூபிட்டர் தலை. புனிதர் பெயரைத் தாங்கிக்கொண்டு, அந்தப் பழைய தெய்வமே மடத்தின் பத்திரங்களுக்குச் சாட்சியிட்டு வந்தது.