உயர்கல்வி நிர்வாகப் படிப்பு: விருதுநகர், சிவகாசி வட்டாரத்தை முன்வைத்து

உயர்கல்வி நிர்வாகப் படிப்பு என்பது, கல்லூரி, பல்கலைக்கழகங்களின் வரவு செலவு, தேர்வு, மாணவர் சேர்க்கை, பணி விதிகள், தர மதிப்பீடு ஆகியவற்றை நடத்தவிருப்பவர்களுக்கான முதுநிலைக் கல்வி. அமெரிக்காவில் ஜி. ஸ்டான்லி ஹால் 1893இல் கிளார்க் பல்கலைக்கழகத்தில் உயர்கல்வியையே ஒரு பாடமாக நடத்தினார். அங்கே அது முனைவர் பட்டம் வரை செல்லும் தனித் துறையாகிவிட்டது. இந்தியாவில் கோத்தாரி கல்விக் குழு (1964–66) கல்வி நிர்வாகிகளுக்கென ஒரு தேசியப் பயிற்சிக் கல்லூரியைப் பரிந்துரைத்தது. புதுதில்லியில் 1962இல் யுனெஸ்கோ மையமாகத் தொடங்கி, பல பெயர் மாற்றங்களுக்குப் பின் 2006இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான தேசியக் கல்வித் திட்டமிடல், நிர்வாக நிறுவனம் ஆய்வுப் பட்டங்களை வழங்குகிறது. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் கல்வி மேலாண்மையில் முதுநிலைப் பட்டயம் நடத்துகிறது. எம்.எட். வகுப்பிலும் கல்வி நிர்வாகம் பாடமாக உண்டு, ஆனால் அதன் கண் பெரும்பாலும் பள்ளிக்கூடத்தின் மேல்தான். இப்படிப்பு நாட்டின் தலைநகரைவிட விருதுநகர் போன்ற மாவட்டத்துக்கே முதலில் தேவை என்பதற்கு அந்த மண்ணின் வரலாறே சான்று.

கரிசல் பூமியான இங்கே கல்வி நிலையங்களை எழுப்பியவர்களில் வணிகர்களும் தொழில் முனைவோரும் முன்னே நிற்கிறார்கள். சந்தைச் சரக்கின் மீது தாமே விதித்துக்கொண்ட மகமையும், வீட்டுக்கு வீடு சேர்த்த பிடி அரிசியும் விருதுநகரில் பள்ளி நடத்தின. காமராசர் படித்த சத்திரிய வித்யாசாலை அப்படி நடந்ததே. அதே வழியில் விருதுநகர் செந்திக்குமார நாடார் கல்லூரி 1947இலும், வி.வி. வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரி 1962இலும் வந்தன. சிவகாசியில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி 1963இலும், ஸ்டாண்டர்டு பயர்ஒர்க்ஸ் ராஜரத்தினம் மகளிர் கல்லூரி 1968இலும், மெப்கோ ஸ்லெங்க் பொறியியல் கல்லூரி 1984இலும் எழுந்தன. தீக்குச்சியும் பட்டாசும் ஈட்டிய பணம் வகுப்பறையானது பெருமைக்குரியது. தொடக்க காலத்தில் இவற்றை நடத்துவது ஓரளவு எளிது. பாடத்திட்டமும் தேர்வும் இணைப்பு வழங்கிய பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. கல்லூரி பாடம் நடத்தினால் போதும். 1978இல் தமிழ்நாட்டில் தன்னாட்சிக் கல்லூரிகள் தோன்றிய பிறகு அந்தப் பொறுப்பு இடம் மாறத் தொடங்கியது. தன்னாட்சி பெற்ற கல்லூரி பாடத்திட்டம் வகுக்கிறது, வினாத்தாள் தயாரிக்கிறது, விடைத்தாள் திருத்துகிறது, முடிவையும் அறிவிக்கிறது. இதனுடன் அரசு உதவிபெறும் பிரிவுக்கு ஒரு கணக்கு, சுயநிதிப் பிரிவுக்கு இன்னொரு கணக்கு. 1976ஆம் ஆண்டின் தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம். 1994இல் அமைந்த, ‘நாக்’ எனப்படும் தேசியத் தர மதிப்பீட்டுக் குழுவின் மதிப்பீடு. ஒரு சிறு பல்கலைக்கழகத்தின் வேலை முழுவதும் முதல்வர் அறைக்கு வந்து சேர்ந்துவிட்டது.

அந்த அறையில் அமர்பவரிடம் விதி கேட்பது என்ன? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகள் முனைவர் பட்டம், 15 ஆண்டு அனுபவம், குறைந்தது 10 ஆய்வு வெளியீடுகள், ஆய்வு மதிப்பெண் 110 என்கின்றன. நிர்வாகத்தைப் படித்திருக்க வேண்டும் என்று ஒரு வரியும் இல்லை. வேதியியலில் பத்துக் கட்டுரை எழுதியவர் வேதியியல் அறிந்தவர் என்பதற்கு அது ஆதாரம். தணிக்கை ஆட்சேபத்துக்குப் பதில் எழுதவோ, பணிமூப்புத் தகராறைத் தீர்க்கவோ வல்லவர் என்பதற்கு அல்ல. இதே வட்டாரத்துப் பட்டாசு ஆலையில் போர்மேனாக நிற்பவருக்குத் தகுதிச் சான்று தேவைப்படுகிறது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைக் கையிலெடுக்குமுன் 1922இல் கல்கத்தா சென்று அதைக் கற்றுத் திரும்பினார்கள். கற்ற பின்பே தொழில் என்பது சிவகாசிக்குப் புதிய கருத்தன்று.

அனுபவமே ஆசான், நாற்காலியில் உட்கார்ந்தால் வேலை தானே வரும் என்பார்கள். வரும்தான். ஆனால் முதல்வரின் பதவிக்காலம் ஐந்தாண்டு. முதல் இரண்டாண்டு பழகுவதில் கழிந்தால் அதன் விலையைக் கொடுப்பவர், தேர்வு முடிவுக்கும் உதவித்தொகைக்கும் காத்திருக்கும் மாணவர். அவர்களில் பலர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்தவர்கள். இரண்டாவது ஆட்சேபம் கனமானது: நிர்வாகப் பட்டதாரிகள் வந்தால் ஆசிரியர் ஓரங்கட்டப்பட்டுக் கல்லூரி கம்பெனியாகிவிடும் என்பது. இந்த அச்சம் நியாயமானது. ஆகவே வகுப்பறை அறியாத மேலாளர்களை உருவாக்கும் படிப்பு இங்கே வேண்டாம். பணியிலிருக்கும் ஆசிரியரும் அலுவலகப் பணியாளரும் மாலையிலோ விடுமுறையிலோ படிக்கத்தக்க முதுநிலைப் படிப்பே பொருந்தும். செயலரும் ஆட்சிக்குழுவும் முடிவெடுக்கையில் முதல்வர் கற்று என்ன ஆகும் என்பது மூன்றாவது. சட்டப்படி கல்லூரிக் குழுவில் முதல்வருக்கும் இடமுண்டு. விதியையும் கணக்கையும் விரல்நுனியில் வைத்திருப்பவரின் சொல்லுக்கு அங்கே எடை கூடும்.

வேலைக்கு உதவாத பட்டத்தை யாரும் நாடமாட்டார்கள் என்பதை மட்டும் மறுக்க முடியாது. அதனால் விதிதான் முதலில் மாற வேண்டும்: முதல்வர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், பதிவாளர் தேர்வுகளில் இப்படிப்புக்குத் தனி மதிப்பெண் தரலாம். விதி மாறுமுன்பும் ஒரு பயன் உண்டு: உதவிப் பதிவாளர் பதவிக்கு இன்றே 55 விழுக்காட்டுடன் ஏதேனும் ஒரு முதுநிலைப் பட்டம் போதும். கல்லூரி அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, கோப்புகளை அன்றாடம் கையாண்டு, கண்காணிப்பாளராகவே ஓய்வு பெறுகிறவருக்கு அந்தப் பட்டம் உயர்கல்வி நிர்வாகத்திலேயே கிடைக்குமானால், பல்கலைக்கழகத்தின் உதவிப் பதிவாளர் பதவிக்கு அவரும் விண்ணப்பிக்க முடியும்.