பெறாத மகன்

மின்னலின் இயல்பைப் பட்டம் விட்டு ஆராய்ந்தவர் என்றும், அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்திற் கையொப்பமிட்டவர் என்றும் பெஞ்சமின் பிராங்கிளினை நம் மாணவர் அறிவர். அவர் 1771இல் எழுதத் தொடங்கிய சுயசரிதை தம் மகன் வில்லியத்தை விளித்தே ஆரம்பமாகின்றது. ஆனால் அம்மகனைப் பெற்றவள் யார் என்பது பற்றி அந்நூலில் ஒரு சொல்லும் இல்லை. இளமையிற் கீழ்நிலைப் பெண்களோடு கொண்ட தொடர்புகள் தமக்குப் பணச்செலவையும் நோய் பற்றிய அச்சத்தையும் தந்தன என்று மாத்திரம் ஓரிடத்தில் ஒப்புக்கொள்கிறார். ஒவ்வொரு காசுக்கும் கணக்கு வைத்த மனிதர் அவர். அப்பெண்களுக்கு நேர்ந்தது என்ன என்பது மட்டும் அக்கணக்கில் ஏறவில்லை.

அந்தப் பிள்ளையை வளர்த்தவள் டெபோரா ரீட். பிலடெல்பியாவில் ஒரு தச்சுத் தொழிலாளியின் மகள். 1723இல் அந்நகருக்கு வந்த பிராங்கிளின் அவள் வீட்டிற் குடியிருந்தார். திருமணப் பேச்சும் நடந்தது. மறு ஆண்டு லண்டன் சென்றவர் அங்கிருந்து அவளுக்கு எழுதிய கடிதம் ஒன்றே ஒன்று. விரைவில் திரும்பமாட்டேன் என்பதே அதன் செய்தி. சுற்றத்தார் வற்புறுத்த, 1725இல் அவள் ரோஜர்ஸ் என்னும் குயவனை மணந்தாள். அவனுக்கு வேறொரு மனைவி உண்டென்று பேச்செழவே அவனை விட்டுத் தாய்வீடு திரும்பினாள். அவனோ கடன்களை விட்டுவிட்டு மேற்கிந்தியத் தீவுகளுக்கு ஓடிவிட்டான். இறந்துபோனான் என்று சொல்லப்பட்டது. சான்று எதுவும் வரவில்லை.

இவ்விடத்திற் சட்டம் குறுக்கே நின்றது. அவள் மறுமணஞ் செய்தபின் ரோஜர்ஸ் உயிரோடு திரும்பினால் இருதார மணக் குற்றத்துக்கு 39 கசையடியும் ஆயுட்சிறையும் தண்டனை. ஆகவே 1730 செப்டெம்பர் 1ஆம் நாள் சடங்கேதுமின்றி, பத்திரமேதுமின்றி, இருவரும் கணவனும் மனைவியுமாக வாழத் தலைப்பட்டனர். அதை ஒட்டிய காலத்திலேயே வில்லியம் என்ற கைக்குழந்தை அவ்வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

டெபோராவின் பெருந்தன்மையைப் புகழ்ந்தெழுதுவோர் உளர். பெருந்தன்மைக்கு முதலில் மறுக்கும் உரிமை வேண்டும். ஊர் வாயில் விழுந்தவள், சட்டத்தின் கண்ணில் இன்னும் ஓடிப்போனவனின் மனைவி, தந்தையை இழந்தவள். இவள் எந்தப் பலத்தைக் கொண்டு அக்குழந்தையை மறுத்திருப்பாள்? அக்கால ஆங்கிலச் சட்டப்படி மணத்துக்குப் புறம்பே பிறந்த பிள்ளை எவருக்குமே பிள்ளையல்ல. எவருக்கும் மனைவியென்று உறுதி சொல்லமுடியாத ஒருத்தியின் கையில், எவருக்கும் மகனல்லாத ஒருவன் வந்து சேர்ந்தான் எனலாம்.

அவள் தொட்டில் ஆட்டிக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. அச்சுக்கூடத்திற் பிரசுரங்களை மடித்துத் தைத்தாள், கடையை நடத்தினாள், கடதாசி செய்வோருக்காகப் பழந்துணி வாங்கினாள். 1733இலேயே பிராங்கிளின் அவளுக்கு அற்றோணித் தத்துவம் எழுதிக்கொடுத்தார் என்பதிலிருந்து அத்தொழிலில் அவள் பங்கு எத்தகையது என்பதை ஊகிக்கலாம். அவள் வயிற்றிற் பிறந்த பிரான்சிஸ் 1736இல், நான்கு வயதில், பெரியம்மைக்குப் பலியானான். அவனுக்கு அம்மை குத்துவிக்காமைக்காகத் தந்தை கடைசிவரை வருந்தினார். மகள் சாரா பிறந்தது 1743இல். இடைப்பட்ட ஏழு ஆண்டுகள் அவ்வீட்டிலிருந்த ஒரே பிள்ளை வில்லியம். தன் மகனைப் புதைத்துவிட்டு வந்தவள், வேறொருத்தியின் மகனுக்குச் சோறிட்ட அந்த ஆண்டுகளைப் பற்றி அவள் எழுதிவைத்தது எதுவும் நம்மிடம் இல்லை.

1755இல் அவ்வீட்டிற் சிறிது காலம் தங்கிய பிஷர் என்பவர், அவள் வில்லியத்தைப் பூமியிலேயே பெரும் அயோக்கியன் என்று ஏசியதைத் தம் நாட்குறிப்பிற் பதிந்தார். வரலாற்றாசிரியர் பலர் இவ்வொரு பதிவைப் பற்றிக்கொண்டு அவளைக் கொடிய சிற்றன்னையாகத் தீட்டினர். கோபத்திற் சொன்ன ஒரு சொல்லுக்கு இருபத்தைந்து ஆண்டு உழைப்பை அழிக்கும் வலிமை உண்டென்று நான் நம்பவில்லை. பின்னர் நிகழ்ந்தவற்றையும் பார்த்தல் வேண்டும். 1764 தேர்தலின்போது, பார்பரா என்ற வேலைக்காரியே வில்லியத்தின் தாய் என்று எதிர்க்கட்சியார் பிரசுரம் வெளியிட்டுத் தூற்றினர். பிராங்கிளின் தோற்றார், வீட்டுச் சங்கதி சந்தைக்கு வந்த அவமானம் டெபோராவுக்கும் உரியதாயிற்று. மறு ஆண்டு முத்திரைச் சட்டக் கிளர்ச்சியின்போது, கணவர் லண்டனில் இருக்க, கூட்டம் வீட்டைத் தாக்குமென்ற நிலை உண்டாயிற்று. அப்பொழுது நியூ ஜேர்சியின் தேசாதிபதியாயிருந்த வில்லியம் நேரில் வந்து பேர்லிங்டனுக்கு வருமாறு அழைத்தான். அவள் மகளை அவனோடு அனுப்பிவிட்டு, துப்பாக்கிகளை மாடியிற் சேர்த்து, அசையாமல் இருந்தாள். தன் மகளை அவள் நம்பி ஒப்படைத்தது அந்த ‘அயோக்கியனிடம்’தான்.

1774 டிசெம்பரில் டெபோரா இறந்தாள். 1764 முதல் கணவரைக் காணாமலே இறந்தாள். பிரேதத்தின் பின் சென்றவன் வில்லியம். லண்டனிலிருந்த தந்தைக்கு அவன் எழுதிய கடிதத்தில் அவளைத் தன் தாய் என்றே குறித்தான். அவ்விலையுதிர் காலத்திலேனும் நீங்கள் வந்திருக்கக்கூடாதா, அந்த ஏமாற்றமே அவளை வாட்டியது என்றும் எழுதினான். தந்தையை நோக்கி, பெறாத தாய்க்காக மகன் கேட்ட நியாயம் அது.

தந்தையும் மகனும் பின்னர் புரட்சியின் இரு பக்கங்களிற் பிரிந்தது யாவரும் அறிந்ததே. வில்லியத்துக்கும் மணத்துக்கு முன் 1760இல் ஒரு மகன் பிறந்திருந்தான்; டெம்பிள் என்பது அவன் பெயர். இங்கிலாந்திற் பிறர் கையில் வளர்ந்த அவனை 1775இல் பாட்டனார் அமெரிக்காவுக்குக் கொணர்ந்தபோது, வில்லியத்தின் மனைவி எலிசபெத் தன் வீட்டில் ஏற்றுக்கொண்டாள். அடுத்த ஆண்டு வில்லியம் அரச விசுவாசியெனச் சிறை செய்யப்பட்டபோது, அவளுக்குத் துணையாயிருந்தவன் அப்பையன். அவ்வாண்டு இறுதிக்குள் பாட்டனார் அவனைப் பாரிசுக்குத் தம் எழுத்து வேலைக்காக அழைத்துச் சென்றுவிட்டார். எலிசபெத் 1777இல் நியூ யோர்க்கில் இறந்தாள். கணவன் அப்பொழுதும் சிறையில் இருந்தான்.